பென்ஸா, பி.எம்.டபிள்யூவா: கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பம் முடிவெடுத்த விதம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை நடத்தும் ஒரு குடும்பம் 2023 அக்டோபரில் ஒரு சொகுசு செடான் வாங்கியது. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: மெர்சிடிஸ் பென்ஸ் சி-கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின். அவர்களுடைய வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பவன் என்பதால் ஆரம்பம் முதல் பதிவு வரை நான் கூடவே இருந்தேன். எழுதலாம் என்று சம்மதம் தந்தார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

60 லட்ச ரூபாய் சாமான் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. யார் எந்த சீட்டில் உட்காரப் போகிறார்கள், எந்தச் சாலையில் வண்டி ஓடப் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குதிரைத்திறனும் திரையின் அகலமும் அதற்கப்புறம்.

வீட்டு நிலவரம்

அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர். எப்போதும் பின் சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார். மகனுக்கு வண்டி ஓட்டுவது என்றால் உயிர், ஆனால் வேலை நாட்களில் அவருக்கு ஸ்டீயரிங் கிடைப்பதே அபூர்வம். வீட்டில் நெடுநாளாக இருக்கும் ஓட்டுநர் அண்ணன் இன்னோவாவிலேயே பழகியவர். மருமகள் வாரக் கடைசியில் ஓட்டுவார்.

வண்டிக்கு வேலை நிறைய. தொழிற்சாலைக்குத் தினமும் சிறிய ஓட்டம். மாதத்தில் பல முறை பெங்களூரு, சுமார் 90 கி.மீ. வெளிநாட்டு வாங்குநர்கள் வந்தால் தேவனஹள்ளி விமான நிலையம் வரை, சுமார் 130 கி.மீ. துறைமுக வேலைக்குச் சென்னை, சேலத்தில் சொந்தக்காரர்கள். பெங்களூரா வகை மாங்காய் வரத்துக் காலத்தில் இந்த ஓட்டம் எல்லாமே கூடிவிடும். வருடத்துக்கு 25 ஆயிரம் கி.மீ. என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

இந்த ஓட்டத்துக்கு டீசல்தான் என்பதில் வீட்டில் சண்டையே வரவில்லை. பி.எஸ்.6 என்கிற புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டியில் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும். கரி அதில் சேரும். வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். ஊருக்குள்ளேயே ஐந்து, பத்து கி.மீ. ஓட்டுகிறவர் டீசல் சொகுசு வண்டி வாங்கினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குதான் மிச்சம். இவர்களுக்கு வாரா வாரம் நெடுஞ்சாலை ஓட்டம் இருந்ததால் அந்தக் கவலை இல்லை. ஆக, போட்டி டீசல் மாடல்களான பென்ஸ் சி 220டி-க்கும் பி.எம்.டபிள்யூ 320எல்டி-க்கும்.

காகிதத்தில் இரண்டும்

சி-கிளாஸின் இந்தத் தலைமுறை இந்தியாவுக்கு 2022 மே மாதம் வந்தது. அப்போது சி 220டி எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது பதிவும் காப்பீடும் சேராத விலை, 56 லட்சம். 2 லிட்டர் டீசல், 200 குதிரைத்திறன், 440 நியூட்டன்-மீட்டர் டார்க் (இழுவிசை), 9 கியர் ஆட்டோமேட்டிக். கூடவே 48 வோல்ட் மின் உதவி. சிக்னலில் எஞ்சின் நின்று மறுபடி எடுப்பது அதனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. புனே பக்கம் சாக்கனில் பூட்டப்படுகிறது.

மெருகேற்றப்பட்ட கிரான் லிமோசின் 2023 ஜனவரியில் வந்தது. 320எல்டி 59.5 லட்சம். இதுவும் 2 லிட்டர் டீசல்தான், 190 குதிரைத்திறன், 400 நியூட்டன்-மீட்டர், 8 கியர். இது நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் நடக்கும் ஆலையில் தயாராவது. இதைக் கேட்டதும் அப்பா, "அப்போ இது நம்ம ஊரு வண்டின்னு சொல்லு" என்றார்.

100 கி.மீ. வேகத்தைத் தொட பென்ஸுக்கு 7.3 விநாடி, பி.எம்.டபிள்யூவுக்கு 7.6. இந்த 0.3 விநாடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் தாண்டும்போது முன்னால் போகிற கிரானைட் லாரி அதைத் தீர்த்து வைத்துவிடும்.

மைலேஜ் பேச்சும் அப்படித்தான். ஆராய் என்கிற வாகன ஆய்வு அமைப்பின் சோதனை அளவு பென்ஸுக்கு லிட்டருக்கு 23 கி.மீ., பி.எம்.டபிள்யூவுக்கு 19.61. கேட்கும்போது பெரிய வித்தியாசம். 25 ஆயிரம் கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 190 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் சுமார் 18 ஆயிரம் ரூபாய். சும்மா விடுகிற தொகை இல்லைதான். ஆனால் இந்த விலையில் வண்டியை முடிவு செய்கிற தொகையும் இல்லை.

முடிவு செய்யக்கூடிய ஒரு எண் வேறு இடத்தில் இருந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் சி-கிளாஸில் 2,865 மில்லிமீட்டர், கிரான் லிமோசினில் 2,961. சாதாரண 3 சீரிஸைவிட 110 மில்லிமீட்டர் நீட்டிய வண்டி இது. அந்த நீட்டல் பின் சீட்டுக்காரருக்காகத்தான். பின் கதவும் அந்த அளவுக்கு நீளம்.

பெயரா, வண்டியா

அப்பா முதலில் பென்ஸ் என்பதில் பிடிவாதமாக இருந்தார். "பென்ஸுன்னு சொன்னா நம்ம ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். இது என்ன வண்டின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் சொல்லிட்டு இருக்கணுமா?" என்று கேட்டார். அந்த வயதில், அந்த உழைப்புக்கு அப்புறம், அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. தலையில் கூடை சுமந்து தொழிலைத் தொடங்கியவருக்கு ஒரு பெயர் மேல் மதிப்பு இருப்பது நியாயம்தானே. மகனும் அதை எதிர்த்துப் பேசவில்லை. "சரிப்பா, ரெண்டுலயும் உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

கிருஷ்ணகிரியில் இரண்டு கம்பெனிக்கும் ஷோரூம் கிடையாது. ஷோரூமுக்குப் போய் கண்ணாடித் தரையில் நிற்கும் வண்டியில் ஏறி இறங்குவதால் பயனில்லை என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். டெமோ வண்டியை ஊருக்கே கொண்டுவரச் சொன்னோம். இரு தரப்பும் சம்மதித்தார்கள். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. இந்த விலைக்கு வாங்குகிறவர் கேட்டால் கொண்டுவருவார்கள்.

சோதனைக்கு ஒரே பாதையைத்தான் இரண்டு வண்டிக்கும் வைத்தோம். வீட்டுத் தெருவின் வேகத்தடைகள், தொழிற்சாலைக்குப் போகிற மண் பாதை, அப்புறம் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் காவேரிப்பட்டணம், தர்மபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் வரை. அப்பா பின்னால், அவருடைய வழக்கமான இடத்தில். ஓட்டுநர் அண்ணன் போகும்போது, மகன் திரும்பும்போது.

கதவும் கியர் குச்சியும்

முதலில் வந்தது பென்ஸ். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. நடுவில் 11.9 அங்குலத் திரை செங்குத்தாக நிற்கிறது, மர வேலைப்பாடு, மெல்லிய விளக்கு வரிசை. அப்பா திரையைத் தொட்டுப் பார்த்தார். மருமகள், "மாமா, உங்களுக்கு இதுதான் எடுப்பா இருக்கு" என்றார். மேடு பள்ளத்தைப் பென்ஸ் சமாளித்த விதமும் அருமை. தொழிற்சாலை மண் பாதையில் குலுக்கல் உள்ளே வருவதற்குள் பாதியாகிவிட்டது.

சிக்கல் தொழிற்சாலை வாசலில் வந்தது. அப்பா இறங்க வேண்டும். இடது காலை வெளியே வைத்துவிட்டார். வலது காலை மடக்கி வெளியே கொண்டுவரும்போது முட்டி முன் சீட்டின் முதுகில் இடித்தது. பாதம் கதவுத் தூணில் பட்டது. கையால் தொடையைத் தூக்கி வைத்துத்தான் இறங்கினார். வலிக்கிறதா என்று மகன் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா, போ" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பாராட்டியபடியே நடந்தார். முன் சீட்டை நகர்த்திப் பார்த்தோம். கொஞ்சம் தேவலாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

அடுத்தது நெடுஞ்சாலையில். பென்ஸில் கியர் மாற்றும் குச்சி ஸ்டீயரிங்கின் வலப்பக்கம் இருக்கிறது. இன்னோவாவில் அதே இடத்தில் இருப்பது இண்டிகேட்டர். தர்மபுரிக்கு முன்னால் ஒரு லாரியைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வரும்போது, ஓட்டுநர் அண்ணனின் கை பழக்கத்தில் அந்தக் குச்சியை மேலே தட்டிவிட்டது. வண்டி நியூட்ரலுக்குப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, இழுவை இல்லை. பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. அவர் பதறாமல் குச்சியைக் கீழே தள்ளி சரி செய்துவிட்டார். ஓடும்போது ரிவர்ஸ் விழாமல் தடுப்பு இருக்கிறது, அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் அப்புறம் தர்மபுரியில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் கை நடுங்கியது. "அய்யா, பழகிடும்ங்க. ஆனா பழகுற வரைக்கும் உங்கள வச்சு ஓட்ட எனக்குப் பயமா இருக்கு" என்றார். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் முதலாளி முன்னால் இப்படி வாய்விட்டுச் சொல்வது சாதாரணமில்லை. அந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான மதிப்பீடு அதுதான்.

பி.எம்.டபிள்யூவிலும் இண்டிகேட்டர் இடப்பக்கம்தான். ஆனால் அதில் வலப்பக்கக் குச்சி வைப்பர். அதே இடத்தில், அதே பழக்கத்தில் கை போனபோது கண்ணாடியில் வைப்பர் ஓடியது, அவ்வளவுதான். கியர் நடுவில் இருக்கிறது. ஏ.சி. கட்டுப்பாடு இதிலும் திரைக்குள் போய்விட்டது, எனக்கு இரண்டிலும் பிடிக்காத விஷயம் இது. ஓடும் வண்டியில் குளிரைக் கூட்டக் குறைக்கத் திரையைப் பார்க்க வேண்டியிருப்பது நல்ல ஏற்பாடு இல்லை. பி.எம்.டபிள்யூவில் நடுவில் ஒரு திருகு குமிழ் மிச்சம் வைத்திருக்கிறார்கள், பார்க்காமலே சில வேலைகளைச் செய்ய முடிகிறது.

தொழிற்சாலை வாசலில் அப்பா பி.எம்.டபிள்யூவிலிருந்து இறங்கியபோது நாங்கள் யாரும் பேசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பினார், வெளியே வைத்தார், கதவுப் பிடியைப் பிடித்து எழுந்தார். மறுபடி உள்ளே ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தார். பெயரைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

பி.எம்.டபிள்யூவுக்கு எல்லாமே சாதகம் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சரானாலும் ஓடும் ரன்-பிளாட் டயர் போட்டிருந்தார்கள். காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டிப் போகலாம், நடு ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் நிற்க வேண்டாம். அதற்கு விலையாக டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கிறது. மண் பாதையில் கூரான கல் ஒவ்வொன்றும் கேட்டது. மாற்றும்போது விலையும் கூடுதல். ஸ்டெப்னி தருகிறார்களா, தந்தால் டிக்கியில் எங்கே வைக்கிறார்கள் என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பெட்டி வைக்கிற இடம் அதில் எவ்வளவு போகும் என்பது பட்டியலில் தெரியாது.

தொப்பூர் இறக்கத்தில் இரண்டுமே தைரியம் கொடுத்தன. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது அங்கே நடக்கும் விபத்துகள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பிரேக் சூடேறிய லாரி முன்னாலோ பின்னாலோ வந்துகொண்டிருக்கும். ஸ்டீயரிங் பின்னாலுள்ள பட்டையால் கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குவதை ஓட்டுநர் அண்ணனுக்கு மகன் காட்டிக்கொடுத்தார். எந்த ஆட்டோமேட்டிக் வாங்கினாலும் இந்தப் பகுதி ஆட்கள் இதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

மகனுக்கு வண்டி திரும்புகிற விதத்தில் பி.எம்.டபிள்யூ பிடித்தது. பெங்களூரு நெரிசலுக்குப் பென்ஸ்தான் என்று அவரே சொன்னார். மின் உதவி இருப்பதால் ஊர்ந்து போகும்போது பென்ஸ் அவ்வளவு மென்மை.

வரி கொடுத்த அவசரம்

இதற்கு நடுவே இன்னொன்று நடந்தது. 2023 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வாகன வரியை உயர்த்தும் மசோதா நிறைவேறியது. அதுவரை 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 15 சதவீதம். புதிய ஏற்பாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 60 லட்ச வண்டிக்கு 9 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 12 லட்சம். நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

மகன் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம், எந்த வண்டி கையிருப்பில் இருக்கிறதோ அதை எடுத்துவிடலாம் என்றார். நான் தடுத்தேன். 3 லட்சம் பெரிய பணம். ஆனால் அதற்காக அப்பா பத்து வருடம் தொடையைக் கையால் தூக்கி வைக்கக் கூடாது. வண்டி எது என்று முதலில் முடிவாகட்டும், நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்றேன். அப்படியே நடந்தது. மருமகளுக்கு நீல நிறம் வேண்டும் என்று ஆசை, கையிருப்பில் வெள்ளைதான் இருந்தது. வெள்ளை 320எல்டி பழைய வரியிலேயே பதிவானது.

பக்கத்து மாநிலத்தில் அல்லது புதுச்சேரியில் பதிவு செய்தால் மிச்சமாகும் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. எல்லையோர மாவட்டம் என்பதால் இங்கே இந்தப் பேச்சு எப்போதும் இருக்கும். உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, அல்லது தொழில் நடத்துகிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ, அங்கேதான் பதிவு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். போலி முகவரியில் மிச்சம் பிடித்த வண்டிக்கு விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. என் கட்சிக்காரர் யாரையும் நான் அதில் விட்டதில்லை.

தொழிற்சாலைக் கூட்டு நிறுவனத்தின் பெயரில் வாங்கினார்கள். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம்: நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று. கிடைக்காது. கார் விற்பவர், பயணிகள் போக்குவரத்து நடத்துபவர், ஓட்டுநர் பயிற்சி தருபவர் தவிர மற்றவர்களுக்கு இத்தகைய காருக்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை. வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கழிக்கலாம், வருடம் 15 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அக்டோபர் பிற்பகுதியில் வாங்கியதால் இவர்களுக்கு முதல் வருடம் 7.5 சதவீதமே கிடைத்தது. சொந்த உபயோகப் பங்கையும் அதில் கழித்துவிட்டேன். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் பிடித்த 1 சதவீதம் வருமான வரிக் கணக்கில் வரவாகிவிடும். அதைக் கேட்டு வாங்க மறக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வாங்கியதற்கு அப்புறம்

சர்வீஸுக்குப் பெங்களூருதான். காலையில் ஓட்டுநர் அண்ணன் விட்டுவிட்டு, அந்த ஊர் வேலைகளை முடித்துக்கொண்டு சாயங்காலம் எடுத்து வருவார். ஒரு நாள் போய்விடும். இரண்டில் எது வாங்கியிருந்தாலும் இந்த நிலைமைதான். பென்ஸுக்கு அப்போது 3 வருட உத்தரவாதம், பி.எம்.டபிள்யூவுக்கு 2 வருடம். இந்த ஒரு விஷயத்தில் பென்ஸ் தெளிவாக மேலே நின்றது. அதனால்தான் 2025 அக்டோபரில் உத்தரவாதம் முடிவதற்குள் பணம் கட்டி நீட்டச் சொன்னேன், நீட்டினார்கள். இந்த வகை வண்டியில் ஒரு மின்னணுப் பெட்டி போனால் வருகிற செலவு, நீட்டிப்புத் தொகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதே இரண்டு வண்டியை நடுவில் வைத்து வேறொரு வீட்டுக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். தானே ஓட்டிக்கொண்டு தர்மபுரிக்கும் சேலத்துக்கும் போய் வரும் ஒரு டாக்டர் கேட்டால் பென்ஸ் என்பேன். குலுக்கல் குறைவு, கூடுதல் உத்தரவாதம், மைலேஜ், எல்லாம் அவருக்குச் சாதகம். கியர் குச்சி ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பின் சீட்டில் பெரியவர் இல்லாத வீட்டில் அந்த நீள வண்டிக்கு வேலையில்லை. தெருவில் திருப்பவும் கூடுதல் இடம் கேட்கும்.

இப்போது வாங்குகிறவர்கள் மேலே உள்ள விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், செஸ் இல்லை. முன்பு 28 சதவீத வரியும் 20 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 48 இருந்தது. வரிக்கு முந்தைய விலை மாறாத பட்சத்தில், ஷோரூம் விலையில் இறங்குகிற தொகை லட்சக்கணக்கில் வரும். புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். இவர்கள் வெள்ளை வண்டியை மூன்றாவது வருடம் மாற்றலாம் என்று மகன் போட்டு வைத்திருந்த கணக்கு அதில் அடிபட்டுவிட்டது. இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதாக இப்போது முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நான்கு டயரும் மாற்ற வேண்டும், அதே ரன்-பிளாட்டா, சாதாரண டயரும் ஸ்டெப்னியுமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.